புங்க மரம் வேண்டும், அதன் இலை மட்டும் வேண்டாமா?

புங்கடி (இழையைத் தொடங்கியவர்)

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தில் கூட்டம். மொத்தம் 12 வீடுகள். பேசப்போவது ஒரே விஷயம்: வாசலில் நிற்கும் புங்க மரத்தை அடியோடு வெட்டுவதா, கிளைகளை மொட்டையாகக் கழித்துவிடுவதா. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வருகிறது, "குப்பை".

மாசிக் கடைசியில் புங்கம் இலை உதிர்க்க ஆரம்பிக்கும், பங்குனியில் பாதி வரை கொட்டும், வாசல், வண்டி, படிக்கட்டு, மொட்டைமாடி எல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கிடக்கும், உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மரம் சில நாள் எலும்பாய் நின்றுவிட்டு ஒரு காலையில் எண்ணெய் பூசியதுபோல மினுமினுத்துத் துளிர்க்குமே, அதை இவர்கள் பார்த்ததே இல்லையா? அந்த இளம்பச்சைக்கு எனக்கு இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை. கிளிப்பச்சையைவிட வெளிர், வாழைக்குருத்தைவிட அழுத்தம். வெயில் அதன் வழியாக இறங்கும்போது கீழே நிற்பவரின் வெள்ளைச் சட்டைகூட லேசாகப் பச்சையடிக்கும். அப்புறம் சித்திரையில் பூ, வாசல் முழுக்கப் பொரி இறைத்ததுபோல.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த நாள். எங்கள் தெருவில் பெரிய மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. இந்தப் புங்கம் ஒரு கிளையை மட்டும் இழந்து நின்றது, ஆனால் ஒரு இலை மிச்சமில்லை. மறுநாள் காலை எங்கள் முன்னறைக்குள் அதுவரை வராத வெயில் வந்து தரையில் விழுந்தது. கார்த்திகை வெயில்தான், ஆனாலும் கண் கூசியது. எதிர்வீட்டு ஜன்னல், அதற்குப் பின்னால் இருக்கும் கைபேசிக் கோபுரம், எல்லாம் நேராக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தன. இத்தனை வருடம் நாங்கள் ஜன்னல் திரை வாங்காமல் இருந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் என் மனைவிக்கும் எனக்கும் புரிந்தது. சில வாரத்தில் மரம் துளிர்த்தது, மறுபடியும் திரை தேவைப்படவில்லை.

கூட்டத்தில் நான் என்ன பேசுவது? அழகு, நிழல் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். இலையைப் பற்றி, மரத்தைப் பற்றி அல்ல. மரம் நல்லது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், இலைதான் யாருக்கும் வேண்டாம்.

---

மொட்டைமாடி

உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டு மதிலை ஒட்டியும் ஒரு மரம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசியில் முதல் கனமழை பெய்தபோது மாடியில் இருக்கும் மழைநீர்க் குழாயில் இலை அடைத்து, தண்ணீர் முழங்கால் வரை நின்று, மேல்தளத்து அறைச் சுவர் முழுக்க ஊறியது. அதே வாரம் படிக்கட்டில் நனைந்து கிடந்த இலையில் வழுக்கி என் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. 71 வயது. இன்னமும் அந்தக் கையால் குடத்தைத் தூக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளிரைப் பார்த்து ரசிப்பவர் ஒருவர், சருகைக் கூட்டுபவர் வேறொருவர். எங்கள் தெருவில் கூட்டுகிற அம்மாவுக்கு பங்குனி மாதம் தினமும் ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. அதற்கு யாரும் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவிடம் போய் இளம்பச்சையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

---

புங்கடி

கோபம் இல்லை. அம்மாவுக்குக் கை சீக்கிரம் சரியாக வேண்டும். கூட்டுகிற அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை உறுத்துகிறது, எங்கள் வீட்டிலும் அதே கதைதான், நானும் கேட்டதில்லை. கூட்டத்தில் அதை முதல் விஷயமாகவே எடுக்கிறேன்.

---

ஏர்முனை

மன்னார்குடிப் பக்கம் விவசாயம். நீங்கள் "குப்பை" என்று எழுதியதைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உரக்கடையில் நைட்ரஜனுக்கு நாங்கள் சொல்லும் பெயர் என்ன தெரியுமா? தழைச்சத்து. பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாஷ் சாம்பல் சத்து. தழையில் இருப்பது தழைச்சத்து, அவ்வளவு நேரடியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். யூரியா மூட்டை வருவதற்கு முன்னால் வயலுக்கு அந்தச் சத்து வந்தது தழையிலிருந்துதான். என் தாத்தா காலத்தில் நடவுக்கு முன்னால் புங்கந்தழை, பூவரசு, எருக்கு, கொழிஞ்சி, வாதநாராயணன், கிடைத்ததையெல்லாம் வெட்டி வந்து சேற்றில் போட்டு மிதிப்பார்கள். ஏக்கருக்கு 2.5 டன் தழை என்று வேளாண் துறைக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், ஆனால் அத்தனை தழைக்கு வரப்பில் மரம் எங்கே இருக்கிறது. நான் அதனால் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் அப்படியே மடக்கி உழுதுவிடுகிறேன்.

புங்கம் பயறு, அவரை குடும்பத்து மரம். வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது, அது இலைக்கு ஏறுகிறது, இலை கீழே விழுந்து மண்ணுக்கு வருகிறது. வயிற்றெரிச்சலான விஷயம் என்னவென்றால் டவுனில் அதைக் கூட்டி மூலையில் குவித்துக் கொளுத்துகிறார்கள். கொளுத்தினால் தழைச்சத்து புகையோடு போய்விடும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும்தான் மிஞ்சும். நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்துத் தொட்டிச் செடிக்கு உரம் வாங்குகிற அதே வீட்டு வாசலில் இது நடக்கிறது. என் தங்கை வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன், மாலை ஆறு மணிக்குத் தெரு முழுக்கப் புகை, பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை மூச்சுவிட முடியாமல் இருமிக்கொண்டிருந்தது.

அது சட்டப்படியும் தப்பு. 2016 டிசம்பரில், உங்கள் ஊரில் வர்தா அடித்த அதே மாதம், திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்கள்.

---

கைத்தறி

அந்தப் பச்சைக்குச் சொல் தேடினீர்களே. எங்கள் வீட்டில் தறி இருந்தது, அப்பா நூலுக்குச் சாயம் போடுவார், அவரிடம் பச்சையிலேயே பத்துப் பெயர் இருந்தது. இலைப்பச்சை, பாசிப்பச்சை, கிளிப்பச்சை, மாதுளம் இலை, வாழைக்குருத்து... பாத்திரத்தைவிட்டு நூலைத் தூக்கி ஈரத்தோடு வெயிலில் பிடித்து, "இது வாழைக்குருத்து இல்லை, ரெண்டு நாள் முத்திப்போச்சு" என்பார். புங்கந்தளிர் என்று மட்டும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. நீங்களே அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் அவருக்கு உயிர் மாந்தளிர் நிறம்தான். செம்பும் சிவப்பும் கொஞ்சம் ஊதாவும் கலந்தது. இலை என்றால் பச்சை என்று பள்ளிக்கூடத்தில் வரையச் சொல்வார்கள், ஆனால் நம் ஊரில் எத்தனை மரம் பச்சையாகத் துளிர்க்கிறது? மா சிவப்பாகத் துளிர்க்கும், அரசு செம்புத் தகடு போல, இலுப்பையும் செம்பு. பூவத்தி என்று காட்டோரம் ஒரு மரம், மார்ச் மாதம் தூரத்திலிருந்து பார்த்தால் மரம் நிறையப் பூ என்று நினைப்பீர்கள், கிட்டே போனால் அத்தனையும் இளந்தளிர், ரத்தச் சிவப்பு. ஆந்தோசயனின் என்ற நிறமி, பச்சையம் முழுதாகத் தயாராகும்வரை கடும் வெயிலிலிருந்து பிஞ்சு இலையைக் காக்கிறது என்கிறார்கள். குழந்தையை வெயிலில் தூக்கிப் போகும்போது தலைமேல் முந்தானையைப் போர்த்துவது போல என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வெளிநாட்டில் இலை சிவப்பதைப் பார்க்க நம் ஆட்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். போகட்டும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே உதிரும் முன்னால் சிவக்கிறது, இங்கே பிறக்கும்போதே சிவக்கிறது. உதிரும் முன் சிவப்பதைப் பார்க்கவும் எங்கேயும் போக வேண்டாம், தெருமுனையில் நாட்டு வாதாம் மரம் இருந்தால் போதும், தை மாசியில் நின்று பாருங்கள்.

---

வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே சருகும் தழையும் குப்பை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. குழை என்போம். வேலியே குழைதான், பூவரசு, கிளுவை, முள்முருக்கு, கிளிசரியா. வேலியை ஒழுங்குபடுத்தும்போது வெட்டும் குழையில் நல்லது ஆட்டுக்கு, மிச்சம் தோட்டத்துக்கு. தோட்டத்தில் கிடங்கு வெட்டிக் குழை தாழ்ப்பது என்பது ஒரு பெரிய வேலை, அயலவர்களும் வந்து சேர்ந்து செய்வார்கள். கூரையிலிருந்து இறக்கிய பழைய பனையோலையும் அதே கிடங்குக்குத்தான் போகும். மாடு தின்னும் ஓலை, வீடு வேயும் ஓலை, வேலி அடைக்கும் ஓலை என்று பனையில் எறிய ஒன்றும் இருக்காது.

சின்ன வயதில் அம்மம்மா கூழ் காய்ச்சினால் கிண்ணம் எடுக்க மாட்டோம். பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் கையில் தருவார். சுடச்சுட ஊற்றும்போது அந்த இலையிலிருந்து எழும் வாசம், கூழின் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) வாசத்தோடு கலந்து, அதுதான் எனக்குக் கூழ். இப்போது பிளாஸ்டிக் குவளையில் தருகிறார்கள், குடிக்கிறேன், ஆனால் அது வேறு சாப்பாடு.

இதையும் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து 2010இல் எங்கள் வளவைப் பார்க்கப் போனோம். வீடு இல்லை, கிணற்றுக் கட்டு இல்லை, மதில் இல்லை. எது எங்கள் காணி, எது பக்கத்துக் காணி என்றே தெரியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நேராக நடந்துபோய் ஒரு மரத்தில் கை வைத்தார். வேலிக்கு அவர் நட்ட பூவரசங்கதியால், யாரும் வெட்டாததால் பெரிய மரமாகி, தலை நிறைய இலையோடு நின்றது. அதிலிருந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று எண்ணிக்கொண்டே போய் எங்கள் எல்லையைக் கண்டுபிடித்தோம். வரிசையாகப் பதினொரு மரம். அப்பா ஒரு இலையைப் பறித்துச் சுருட்டி, என் மகனுக்குப் பீப்பி செய்து கொடுத்தார்.

---

புங்கடி

வடலி, இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

---

கண்ணாடித்தொட்டி

சின்னத் தகவல். கைத்தறி சொன்ன நாட்டு வாதாம் இலை, பழுத்து உதிர்ந்து காய்ந்தது, மீன் வளர்ப்பவர்களுக்குப் பொக்கிஷம். தொட்டியில் ஒன்றிரண்டு போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும், டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கும், சண்டை மீன் அதில் நன்றாக இருக்கும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் காசு கொடுத்து வாங்குகிறார்கள், இணையத்தில் பத்து இலை கட்டி விற்கிறார்கள். நான் கீழே விழுந்ததைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துக்கொள்கிறேன். சாலையோரத்து இலை வேண்டாம், வண்டிப் புகை படிந்திருக்கும்.

---

சருகுமான்

என் பெயரே இந்த இழைக்கு உரியது போல இருக்கிறது. காட்டில் சருகுக்குள் ஒளிந்து வாழும் முயல் அளவு சின்ன விலங்கு அது, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடும், சருகில் விழுந்த வெயில் மாதிரியே இருக்கும். அசையாமல் நின்றால் பக்கத்தில் போனாலும் தெரியாது.

உங்கள் வாசலில் அது வராது. ஆனால் ஒரு மூலையில் மட்டும், பத்தடிக்குப் பத்தடி போதும், ஒரு மாதம் கூட்டாமல் விட்டுப் பாருங்கள். முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வரும். ஏழெட்டு சேர்ந்து வந்து ஒவ்வொரு இலையாக அலகால் புரட்டிப் போட்டுக் கீழே இருக்கும் பூச்சியைப் பொறுக்கும், கத்திக்கொண்டே. அப்புறம் செண்பகம், மைனா. சருகுக்கு அடியில் கை வைத்தால் வெளி வெயிலில் மண் சுடும்போதும் அங்கே குளிர்ச்சியும் ஈரமும் இருக்கும்.

மேலே இருக்கும் இலையை வீடாக்குகிறவர்களும் உண்டு. தையல்சிட்டு பெரிய இலையின் ஓரங்களில் அலகால் துளை போட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து இழுத்துப் பை போல ஆக்கி அதற்குள் கூடு கட்டும். மாமரத்து முசுறு எறும்பு இன்னும் ஆச்சரியம், வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலையை இழுத்துச் சேர்த்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வந்து, புழு விடும் பட்டு நூலால் ஒட்டும். பசை டப்பாவைக் கையில் பிடித்து ஒட்டுகிற மாதிரியே.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தது, என் மகள் துடைக்கப் போனாள், அது நகர்ந்தது. எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாகிவிட்டது. அந்தச் செடியின் பாதி இலையை அது தின்றது. நாங்கள் இரண்டு வாரம் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டோம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

---

மொட்டைமாடி

எல்லாவற்றையும் படித்தேன். வடலி எழுதியதை இரண்டு முறை. ஆனாலும் கேட்கிறேன்: சருகை ஒரு மூலையில் குவித்து வைத்தால் பாம்பு, பூரான் வராதா? எங்கள் பகுதியில் ஏரி பக்கம், சாரைப்பாம்பு சாதாரணமாக வரும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு என்ன பதில்?

---

ஏர்முனை

நியாயமான கேள்வி. தரையில் சும்மா குவித்து வைத்தால் வரும். பாம்புக்குச் சருகு மேல் ஆசை இல்லை, அதற்குள் இருக்கும் எலி, தவளைக்கு வருகிறது. அதனால் சாப்பாட்டு மிச்சத்தை அதில் போடாதீர்கள், எலிக்கு அதுதான் விருந்து. சருகை அடைத்து வைக்க கம்பி வலையை வட்டமாகச் சுற்றி ஒரு கூண்டு செய்யுங்கள், மூன்றடி அகலம், நாலடி உயரம், வீட்டுச் சுவரைவிட்டுத் தள்ளி. புரட்டும்போது மண்வெட்டி, வெறுங்கை வேண்டாம்.

காய்ந்த சருகு மட்டும் போட்டால் மட்க வருடமாகும். ஒரு அடி சருகு, அதன்மேல் கொஞ்சம் பச்சை, அதாவது காய்கறித் தோல், பூஜைப் பூ, புல், அதன்மேல் சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளிக்க வேண்டும். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் போதும், சொட்டக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் புங்க இலை நாலைந்து மாதத்தில் கறுப்பாகப் பொலபொலவென்று ஆகிவிடும். மா இலை தடிப்பு, இன்னும் நாளாகும். வேலையே வேண்டாம் என்றால் மரத்தடியிலும் செடியடியிலும் நாலு விரற்கடை உயரம் பரப்பிவிடுங்கள், மூடாக்கு. சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுவது நன்றாகக் குறையும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

---

புங்கடி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கூட்டம் நடந்தது, மூன்று மணி நேரம்.

நான் முதலில் கூட்டுகிற அம்மாவின் சம்பளத்தைத்தான் எடுத்தேன். வீட்டுக்கு 50 ரூபாய், மாதம் 600 ரூபாய் கூடுதல், வருடம் முழுக்க. அதை யாரும் எதிர்க்கவில்லை, எதிர்க்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு குப்பை என்ற பேச்சின் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஏர்முனை சொன்ன தழைச்சத்துக் கதையைச் சொன்னேன், முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எழுந்து தன் சின்ன வயதில் தழை மிதித்ததைப் பேச ஆரம்பித்துவிட்டார், அவரை நிறுத்தவே முடியவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். வெட்ட வேண்டாம் என்று ஏழு வீடு, வெட்டலாம் என்று ஐந்து. மாடியைத் தொடும் ஒரே ஒரு கிளையை மட்டும் எடுத்தோம். அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் அந்த ஐந்து வீட்டுக்காரர்களோடுதான் நான் வாழ வேண்டும், அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. மழைநீர்க் குழாய் வாயில் எல்லாம் வலை போட்டாகிவிட்டது.

பின்பக்கம் கம்பிக் கூண்டு வைத்தோம். பத்து நாளில் நிறைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும். உரம் தயாரானதும் முதல் பை தனக்கு வேண்டும் என்று கூட்டுகிற அம்மா சொல்லியிருக்கிறார், வீட்டில் மல்லிகை வைத்திருக்கிறாராம். நாலைந்து மாதமாகும் என்றேன். "ஆகட்டும், இலைதானே, எங்கேயும் போகாது" என்றார்.

நேற்று காலை மரம் துளிர்த்துவிட்டது. வெட்டச் சொன்ன ஐந்தில் ஒரு வீட்டுப் பையன் அதன் கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

---

மொட்டைமாடி

நல்ல செய்தி. மரம் பற்றிய என் கவலை முழுக்கப் போகவில்லை, அம்மா கையைப் பார்க்கும்போது போகாது. ஆனால் குழாய் வாய்க்குப் போட்ட வலை எங்கே கிடைத்தது? சமதளமாகப் போட்டால் வலை மேலேயே இலை படுத்து அடைத்துக்கொள்கிறது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

---

புங்கடி

சமதளமாகப் போடாதீர்கள். இரும்புக் கடையில் அரை அங்குலக் கண் வலை வாங்கி, குவித்த கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல மேலே எழும்பி நிற்கும்படி வளைத்துக் கட்டுங்கள். கீழே இலை சேர்ந்தாலும் மேல்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். புரட்டாசியில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு நடுவில் ஒருமுறை கையால் தள்ளிவிட்டால் போதும். மொத்தத்தில் எங்களுக்கு நாலு குழாய்க்கு மூன்றடி வலைதான் ஆனது.